பேரண்டத்தை அளக்க ஓர் அளவுகோல்

சன்சத் மார்க் என இன்று வழங்கும் தில்லிப் பார்லிமென்ட் வீதியை வங்கிகளின் வீதி என்றே கூறலாம். ரிசர்வ் வங்கியின் தில்லி அலுவலகமும் தேசிய வங்கிகள் பலவற்றின் அலுவலகங்களும் அங்கே அமைந்துள்ளன. அவ்வீதி வழியே நாள்தோறும் பணிக்குச் செல்வோர், தோட்டமொன்றினுள் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் விந்தையான சில கட்டடங்களைப் பார்த்தும் பாராமலும் கடந்து போகின்றனர். ஜந்தர் மந்தர் என்னும் அவ்விடத்தின் பெயர் இக்காலச் செய்தித்தாள்களில் இடம்பெறுவது பெரும்பாலும் ஆர்ப்பாட்டங்களை ஒட்டியே. ஆனால் அது கட்டப்பட்டது வானத்தை அளப்பதற்காக. ஆம்பேர் அரசரும் பின்னாளில் ஜெய்ப்பூர் நகரை நிறுவியவருமான சவாய் ஜெய்சிங் 1724ஆம் ஆண்டில் அதனை எழுப்பினார்.

அங்குள்ள கருவிகளுள் பெரியது சாம்ராட் யந்திரம். படிக்கட்டுகள் கொண்ட முக்கோணச் சுவர் ஒன்று ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்துக்குச் சாய்வாக ஏறுகிறது. அச்சாய்வு தரையோடு உண்டாக்கும் கோணம் தில்லியின் அட்சரேகைக்குச் சமம். இருபத்தெட்டரைப் பாகைக்குச் சற்று மிகுதி. இதனால் சுவரின் மேல்விளிம்பு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைகிறது. அதன் நிழல் இருபுறத்து வளைசுவர்களின்மேல் சீராக நகர்ந்து நேரத்தைக் காட்டுகிறது. தொலைநோக்கியோ கண்ணாடி வில்லையோ எதுவும் அங்கில்லை. கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கோணத்தை அளந்தார்கள்.

பேரண்டத்தின் வடிவம் என்ன, அதற்கு முடிவு உண்டா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். அதனைப் பார்லிமென்ட் வீதியில் தொடங்கக் காரணம் உண்டு. வடிவத்தைப் பற்றி மனிதன் இதுவரை பெற்றுள்ள விடை கோணத்தை அளந்தே பெறப்பட்டது. அம்முயற்சியில் இந்தியா ஆற்றிய பங்கு தில்லியில் வித்திடப்பட்டு நீலகிரியில் விளைந்தது. வித்திட்டவர் ஒரு தமிழர்.

எல்லை வேறு, அளவு வேறு

வானத்துக்கு முடிவு உண்டா என்று சிறுவயதில் கேளாதவர் அரிது. முடிவு உண்டென்றால் அதற்கு அப்பால் என்ன என்ற கேள்வி எழுகிறது. முடிவில்லை என்றாலோ அதனை மனத்தால் பற்ற முடிவதில்லை. நம் மொழியில் அண்டம் என்னும் சொல்லே முட்டையையும் குறிக்கும். அப்பெயரிலேயே ஓர் ஓடும் ஓர் எல்லையும் அடங்கியுள்ளன. சவாய் ஜெய்சிங் காலத்துக் கணிதர்களும் விண்மீன்கள் பதிந்த ஒரு கோளத்தையே வானமாகக் கொண்டு கணக்கிட்டனர்.

இக்குழப்பத்தின் வேர், எல்லையையும் அளவையும் ஒன்றாகக் கருதுவதில் உள்ளது. தில்லியின் ரிங் ரோட்டில் ஓடும் முத்ரிகா பேருந்தை இங்கு வாழ்ந்தோர் அறிவர். முத்ரிகா என்றால் மோதிரம். அப்பேருந்து செல்லும் பாதையின் நீளம் இவ்வளவு கிலோமீட்டர் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் சாலை முடிந்துவிட்டது என்று பலகை நட்ட இடம் அப்பாதையில் எங்கும் கிடையாது. பூமியின் பரப்பும் அத்தகையதே. அது ஏறத்தாழ 51 கோடி சதுர கிலோமீட்டர். எனினும் எந்தக் கப்பலும் பூமியின் ஓரத்திலிருந்து விழுந்ததில்லை. அளவுக்குட்பட்ட ஒன்று எல்லையற்றதாகவும் இருக்கலாம்.

இந்த எண்ணத்தை முழுப் பேரண்டத்துக்கும் பொருத்திக் காட்டியவர் ஐன்ஸ்டைன். 1917இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பேரண்டம் அளவுக்குட்பட்டது, ஆனால் ஓரம் அற்றது. நேராகச் சென்றுகொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். அதன்பின் ருஷ்யக் கணிதரான அலெக்சாந்தர் ஃபிரீட்மன், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் மேலும் பல தீர்வுகளுக்கு இடம் தருவதை 1922இலும் 1924இலும் காட்டினார். பேரண்டம் விரியலாம், சுருங்கலாம். அதன் வடிவமும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பந்தின் பரப்பைப் போல உள்வளைந்து மூடியதாக இருக்கலாம். மேசையின் பரப்பைப் போலத் தட்டையாக இருக்கலாம். குதிரைச் சேணத்தைப் போல இருபுறமும் மாறி வளைந்து திறந்ததாகவும் இருக்கலாம்.

இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு முக்கோணம் போதும். தட்டையான பரப்பில் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் கூட்டினால் 180 பாகை. பந்தின் பரப்பில் அது 180ஐ விஞ்சும்; சேணத்தின் பரப்பில் குறையும்.

இதற்குச் சான்று தேட நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கித் தென்னிந்தியா முழுவதையும் அளக்கத் தொடங்கினார். நாட்டின் மாபெரும் முக்கோண நில அளவைப் பணி அங்கேதான் பிறந்தது. பக்கம் ஒவ்வொன்றும் 50 கிலோமீட்டர் கொண்ட முக்கோணத்தைப் பூமியின்மேல் வரைந்தால், அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையை ஏறத்தாழ ஐந்தரை விகலை விஞ்சும். ஒரு பாகைக்கு 3,600 விகலைகள் என்பதைக் கொண்டு அம்மிகுதி எத்துணைச் சிறியது என உணரலாம். எனினும் அளவையாளர் அதனைத் தள்ளிவிடவில்லை. கணக்கில் சேர்த்தே திருத்தினர். பூமியைவிட்டு ஓரடியும் மேலே எழாமல் பூமியின் வளைவை அதன் பரப்பின்மீதே நின்று அறிய முடிந்தது. பேரண்டத்துக்கு வெளியே சென்று அதனைப் பார்க்க எவராலும் இயலாது. உள்ளிருந்தே அதன் வடிவத்தை அறிய வழியுண்டு என்பதற்குப் பரங்கிமலை முக்கோணங்கள் நல்ல முன்னுதாரணம்.

வானத்தில் அத்தகைய முக்கோணத்தை வரைவது எங்ஙனம்? ஒரு முனையில் நாம் நிற்கிறோம். மற்ற இரு முனைகள் வெகுதொலைவில் உள்ள ஏதேனும் ஒரு பொருளின் இரு ஓரங்கள். அப்பொருளின் உண்மையான நீளமும் அதன் தொலைவும் தெரிந்தால், தட்டையான வெளியில் அது இவ்வளவு கோணத்தில் தோன்ற வேண்டும் என்று கணக்கிடலாம். அளந்த கோணம் அதைவிடப் பெரிதாயின் வெளி மூடியது; சிறிதாயின் திறந்தது. தேவைப்படுவதெல்லாம், நெடுந்தொலைவில் வைக்கப்பட்ட, நீளம் ஐயமறத் தெரிந்த ஓர் அளவுகோல். அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கே அறிவியலாருக்குப் பல பதிற்றாண்டுகள் பிடித்தன.

பூசாவிலிருந்து முத்தோரைக்கு

தில்லியில் ராஜேந்திர நகரை அடுத்துள்ள பூசா வட்டாரத்தில் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று ஒரு சாலை உண்டு. தேசிய இயற்பியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டிய அந்நிறுவனம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. நாட்டின் நீளம், எடை, நேரம் ஆகியவற்றின் மூல அளவுகளைக் காக்கும் பொறுப்பு அதனுடையது. கடைத்தராசின் எடைக்கல் முதல் நம் வங்கிக் கணினிகளின் கடிகாரம் வரை அனைத்துக்கும் இறுதிச் சான்று அங்கேதான். அதன் முதல் இயக்குநர், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். இராமன் விளைவைக் கண்டறிந்த பணியில் இராமனுடன் நின்றவர்.

நாட்டின் அளவுகோல்களைக் காக்கும் அவ்வீட்டில் 1950இல் இளைஞர் ஒருவர் பணியில் சேர்ந்தார். அவர் பெயர் கோவிந்த் ஸ்வரூப். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவர். 1952இல் சிட்னியில் நடந்த வானொலி அறிவியல் மாநாட்டுக்குச் சென்ற கிருஷ்ணன், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு ஆஸ்திரேலியர்கள் செய்துவந்த வானாய்வைக் கண்டு வியந்தார். இத்துறை நம் நாட்டிலும் வேரூன்ற வேண்டும் என்று கருதினார். கொழும்புத் திட்டத்தின் உதவியோடு ஸ்வரூப்பையும், கொடைக்கானல் வானாய்வகத்தைச் சேர்ந்த ஆர். பார்த்தசாரதியையும் 1953இல் சிட்னிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே, கழித்துக் கட்டப்படவிருந்த ஆறடி விட்டமுள்ள 32 உலோகத் தட்டுகளைத் தில்லி ஆய்வகத்துக்கு நன்கொடையாகத் தர ஆஸ்திரேலியர்கள் இசைந்தனர். அதன்பின் நிகழ்ந்தது வங்கித் துறையினருக்கு எளிதில் விளங்கும். தட்டுகள் இலவசம், கப்பல் கூலியை யார் தருவது? அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலம் அது. கடிதங்கள் போயின, வந்தன. 1955இல் தில்லிக்குத் திரும்பிய ஸ்வரூப் தட்டுகளுக்காகக் காத்திருந்து, பின்னர் 1956இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். சிறு தொகையொன்றுக்கு ஒப்புதல் தாமதமாவதால் ஒரு துறையே சில ஆண்டுகள் பின்தங்குவது நம் நாட்டு அலுவலகங்களில் புதிய செய்தியன்று. தட்டுகள் ஒருவாறு தில்லி வந்து சேர்ந்தன. நிறுவத்தான் ஆள் இல்லை.

1961இல் கிருஷ்ணன் தில்லியில் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில், வெளிநாடுகளில் இருந்த ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகிய நால்வரும் சேர்ந்து, தாங்கள் நாடு திரும்பி வானொலி வானியல் குழு ஒன்றைத் தொடங்க விரும்புவதாக இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு எழுதினர். ஹோமி பாபா 1962 ஜனவரியில் தந்தி மூலம் இசைவு தெரிவித்தார். ஸ்வரூப் 1963இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். தில்லித் தட்டுகளும் அந்நிறுவனத்துக்குக் கைமாறி, 1965இல் பம்பாயை அடுத்த கல்யாணில் சூரியனை நோக்கி நிறுத்தப்பட்டன.

அக்காலத்தில் பேரண்டத்தைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1948இல் ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகியோர் முன்வைத்த மாறாநிலைக் கொள்கையின்படி, பேரண்டம் என்றும் இருந்தது, என்றும் இருக்கும். அது விரிந்தாலும் புதிய பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதால் எக்காலத்திலும் ஒரே தோற்றம் உடையது. வெளியிலும் காலத்திலும் முடிவற்ற பேரண்டம் அது. எதிர்த்தரப்பில் பெருவெடிப்புக் கொள்கை. அதில் பேரண்டத்துக்கு வயது உண்டு. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல், வானொலி அலைகளை உமிழும் விண்பொருள்களை எண்ணி, தொலைவில் உள்ளவை, அதாவது பழங்காலத்தவை, எதிர்பார்த்ததைவிட மிகுதி என்றார். எண்ணிக்கையில் பிழை என்று மறுதரப்பு வாதிட்டது.

இவ்வழக்கில் கோணத்தைச் சாட்சியாக அழைக்கலாம் என்று கூறியவர் ஹாயிலே. 1958இல் பாரிசில் நடந்த கருத்தரங்கில், வானொலி மூலங்களின் தோற்ற அளவு தொலைவுக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தால் எந்தக் கொள்கை சரி என்பது தெரியும் என்றார். ஆனால் அவற்றின் கோணங்கள் சில விகலைகளே. அன்றைய வானொலித் தொலைநோக்கிகளால் அவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடியாது.

ஸ்வரூப் கண்ட வழி அழகானது. நம் கருத்தில் இந்திய அறிவியல் வரலாற்றின் அரிய யோசனைகளுள் ஒன்று. ஆஸ்திரேலியாவில் சிரில் ஹஸார்டு, 3சி 273 என்ற வானொலி மூலத்தைச் சந்திரன் மறைத்த வேளையில் உற்றுநோக்கி அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டறிந்த செய்தி 1963இல் வெளிவந்தது. சந்திரன் வானில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. அதன் ஓரம் ஒரு மூலத்தை மறைக்கும்போது வரும் அலையின் வலிமை குறைகிறது. எத்தனை விநாடியில் குறைகிறது என்று அளந்தால் அம்மூலத்தின் கோண அளவு கிடைத்துவிடும். ஒன்றிரண்டுக்குப் பதில் ஆயிரம் மூலங்களை இவ்வாறு அளந்தால் என்ன என்று ஸ்வரூப் கேட்டார். அதற்குச் சந்திரனை நாள்தோறும் பல மணி நேரம் பின்தொடரும் மிகப் பெரிய தொலைநோக்கி வேண்டும்.

பெரிய தொலைநோக்கி என்றால் பெரிய செலவு. அங்கேதான் சாம்ராட் யந்திரத்தின் சூத்திரம் மறுபிறவி எடுத்தது. நீண்ட உருளை வடிவத் தொலைநோக்கியைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால், ஒரே அச்சில் திருப்பி வானத்தைப் பின்தொடரலாம். சமதரையில் அதற்குப் பெருங்கோபுரங்கள் வேண்டும். அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள மலைச்சரிவு கிடைத்தால் கோபுரம் வேண்டியதில்லை. தில்லியின் அட்சரேகையில் அத்தகைய சரிவு செங்குத்தாகிவிடும். தமிழ்நாட்டின் அட்சரேகையோ பதினோரு பாகை அளவு. மலையில் இயல்பாகக் கிடைக்கும் மென்சரிவு. வடக்கு நோக்கி உயரும் சரிவைத் தேடி மலைகளில் அலைந்தவர்கள் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் அதனைக் கண்டனர்.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டங்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். உதகைத் தொலைநோக்கி உள்நாட்டு உழைப்பால் உருவாகி 1970 பிப்ரவரியில் தன் முதல் சந்திர மறைப்பைப் பதிவு செய்தது. நீலகிரிக்குச் சுற்றுலா செல்லும் வாசகர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அந்நெடுங்கம்பி வேலியை ஒத்த உருவைப் பார்த்திருக்கக் கூடும். அது இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான மூலங்கள் அளக்கப்பட்டன. நாளடைவில் அத்தொகை ஆயிரத்தைக் கடந்தது. 1975இல் ஸ்வரூப்பும் அவருடன் பணியாற்றிய விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டனர். மங்கலான, தொலைதூர மூலங்கள் தோற்றத்தில் சிறியவையாக இருந்தன. அக்குறைவு மாறாநிலைக் கொள்கையோடு பொருந்தவில்லை. பழங்காலப் பேரண்டம் இன்றைய பேரண்டத்தைப்போல் இல்லை என்பது கோணத்தின் வாயிலாகவும் தெரிந்தது. ஹாயில் பரிந்துரைத்த சாட்சி ஹாயிலுக்கு எதிராகவே சொல்லியது. அவருடைய மாணவரும் நாடறிந்த வானியலாளருமான ஜெயந்த் நார்லிகர் மட்டும், 2025 மே மாதம் மறையும் வரை பெருவெடிப்புக் கொள்கையை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. பெரும்பான்மைக்கு எதிரே நின்று கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே இருந்த அவர் போன்றோரால் இத்துறை பெற்ற நன்மை சிறிதன்று.

ஆயினும் பேரண்டத்தின் வடிவம் என்ன என்ற கேள்விக்கு உதகை விடை தரவில்லை. வானொலி மூலங்கள் தொடக்கக் காலத்தில் உண்மையிலேயே சிறியனவாக இருந்திருக்கின்றன. காலம் செல்லச் செல்ல அவற்றின் அளவு மாறியிருக்கிறது. அளவுகோலே வளர்ந்துகொண்டிருந்தால் அளவை நம்புவது எப்படி? 1970ஆம் ஆண்டின் நூறு ரூபாயையும் இன்றைய நூறு ரூபாயையும் ஒரே மதிப்பாகக் கொண்டு இரு ஆண்டுக் கணக்குகளை ஒப்பிடும் கணக்கர் எத்தகைய முடிவுக்கு வருவாரோ, அத்தகைய முடிவே கிடைக்கும். விலைவாசி மாற்றத்தைக் கழித்தால்தான் உண்மை வளர்ச்சி தெரியும். வானொலி மூலங்களின் அளவு எவ்வாறு மாறியது என்று தனியே அறிய வழியில்லாததால் வடிவக் கணக்கு அங்கேயே நின்றது. மாறாத அளவுகோல் வேறெங்கேனும் தேவைப்பட்டது.

மாறாத அளவுகோல்

அது வானம் முழுவதும் பரவிக் கிடந்தது. 1965இல் அமெரிக்காவில் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, பேரண்டம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட ஒளி. அதற்கு முன் பேரண்டம் கொதிக்கும் ஒளிக்குழம்பாக இருந்தது. அதனுள் ஒலியலைகள் ஓடின. குழம்பு குளிர்ந்து தெளிந்த கணத்தில் அவ்வலைகள் அப்படியே உறைந்து, கதிர்வீச்சில் சற்றே வெப்பமான, சற்றே குளிர்ந்த திட்டுகளாகப் பதிந்தன. பிறப்பிலிருந்து அக்கணம் வரை ஒலி எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்பதை இயற்பியல் விதிகளைக் கொண்டே கணக்கிடலாம். அத்தொலைவே அளவுகோல். விரிவுக்குப்பின் இன்றைய கணக்கில் அதன் நீளம் ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டு. அது பதிந்துள்ள தொலைவு ஏறத்தாழ 4,550 கோடி ஒளியாண்டு.

வெளி தட்டையானதென்றால் அவ்வளவுகோல் நம் கண்ணுக்கு 0.6 பாகையில் தோன்ற வேண்டும். முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே பெரிது. அண்டார்க்டிகா வானில் 1998 டிசம்பரில் பறக்கவிடப்பட்ட பூமராங் என்னும் பலூன் சோதனை, வெளி ஏறத்தாழத் தட்டையே என்ற முதல் உறுதியான செய்தியை 2000இல் தந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2009இல் ஏவிய பிளாங்க் செயற்கைக்கோள் அக்கோணத்தைப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு துல்லியத்துக்கு அளந்தது. விண்மீன் மண்டலங்களின் பரவலையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வளைவைக் குறிக்கும் எண் 0.0007 என்று வந்தது. அதில் பிழை வரம்பு கூட்டியோ கழித்தோ 0.0019. அதாவது சுழியம் என்று கொள்ளத் தடையில்லை. பேரண்டத்தில் வரைந்த மிகப் பெரிய முக்கோணத்தின் கோணங்கள் பள்ளியில் நாம் படித்த அதே 180 பாகையைத் தந்தன.

ஒரு சிறு இழுபறியையும் சொல்ல வேண்டும். பிளாங்க் தரவுகளை மட்டும் தனியே வைத்துக் கணக்கிட்டால் வெளி சற்றே மூடியது என்ற பக்கம் சாய்கிறது என 2019இல் அறிவியலார் சிலர் சுட்டிக்காட்டினர். பிற தரவுகளைச் சேர்த்தால் அச்சாய்வு மறைகிறது. இரு பேரேடுகள் ஒத்துப்போகாதபோது அவ்வேறுபாடு எவ்வளவு சிறிதாயினும் கண்டுபிடிக்கும்வரை வங்கியர் உறங்குவதில்லை. வானியலாருள் பெரும்பாலோர் அது தரவின் தற்செயல் ஏற்றத்தாழ்வு என்றே கருதுகின்றனர். சிலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தட்டை என்றால் முடிவற்றது என்று பொருளா?

தட்டை என்று தெரிந்துவிட்டது, ஆகவே பேரண்டம் முடிவற்றது என்று நூல்கள் சிலவற்றில் காண்கிறோம். அம்முடிவு அவசரமானது. வாசகர்கள் கையிலுள்ள வெள்ளைத்தாள் ஒன்றில் பெரிய முக்கோணமொன்றை வரைந்து பார்க்கலாம். பின் அத்தாளைச் சுருட்டி, எதிரெதிர் ஓரங்களை ஒட்டி உருளையாக்கலாம். முக்கோணத்தின் கோணங்கள் சிறிதும் மாறுவதில்லை. தாளின்மேல் ஊரும் எறும்பு எத்தனை முக்கோணம் அளந்தாலும் தன் உலகம் தட்டை என்றே முடிவு கட்டும். ஆனால் ஒரு திசையில் நேராக நடந்தால் அது புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். முத்ரிகா பேருந்தின் கதைதான். முப்பரிமாண வெளியிலும் இவ்வாறு எதிரெதிர் முகங்கள் இணைந்த தட்டையான, அளவுக்குட்பட்ட அமைப்புகள் இயலும் என்று கணிதம் காட்டுகிறது. முக்கோணம் வளைவை மட்டுமே சொல்லும். வெளி எங்கே எதனோடு இணைந்துள்ளது என்பதைச் சொல்லாது.

அதனை அறிய வேறு சோதனை உண்டு. பேரண்டம் தன்மீதே திரும்பி இணைந்திருந்து, அச்சுற்றளவு நாம் காணும் பரப்பைவிடச் சிறிதாகவும் இருந்தால், ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட பழைய ஒளி இருவேறு திசைகளில் சுற்றி நம்மை வந்தடையும். அப்போது நுண்ணலை வானத்தின் எதிர்ப்புறங்களில், திட்டுகளின் வரிசை அச்சாக ஒத்துப்போகும் வட்டங்கள் சோடி சோடியாகத் தோன்ற வேண்டும். ஒரே காசோலை இரு கிளைகளில் வரவாகப் பதிவானதைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. இத்துறையில் இந்தியரான தருண் சௌரதீப்பின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1990களின் இறுதியில் கனடாவில் ரிச்சர்ட் பாண்ட், திமித்ரி போகோஸ்யான் ஆகியோருடன் சேர்ந்து, அளவுக்குட்பட்ட வளைந்த பேரண்டங்கள் நுண்ணலை வானத்தில் எத்தகைய தடயத்தை விட்டிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். பின்னர் புனேயில் நார்லிகர் நிறுவிய வானியல் மையத்தில் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

இதுவரை தேடியவர் எவருக்கும் அத்தகைய இணை வட்டங்கள் அகப்படவில்லை. ஆனால் 2024இல் வெளியான பன்னாட்டுக் குழுவொன்றின் ஆய்வு, எளிய அமைப்புகள் சில விலக்கப்பட்டிருந்தாலும் சிக்கலான அமைப்புகள் பல இன்னும் சோதிக்கப்படாமலே இருப்பதைக் காட்டியது. வட்டங்களாகத் தெரியாமல், திட்டுகளின் புள்ளியியலில் மறைவான ஒழுங்காக மட்டும் அவை தென்படலாம். அதனைத் தேடும் பணி நடைபெறுகிறது.

காலத்தைப் பற்றிய பாதி, முன்னரே தீர்ந்துவிட்டது. இரவு இருட்டாக இருப்பதே அதற்குச் சான்றாகும். பேரண்டம் அசையாததாகவும் முடிவற்ற பரப்புடையதாகவும் என்றென்றும் இருந்ததாகவும் இருந்தால், பார்க்கும் திசையெல்லாம் ஏதோ ஒரு விண்மீனில் போய் முடியும். நள்ளிரவும் நண்பகலாய் எரியும். ஜெர்மானிய வானியலாளர் ஓல்பர்ஸ் 1823இல் இவ்வாதத்தை விரித்துரைத்தார். தில்லியின் புகைமூட்டத்தில் விண்மீன்களைக் காண்பது அரிது. எனினும் இச்சான்று இங்கும் கிட்டும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று கணக்கிடப்பட்டுள்ளது.

அவ்வயதே நம் பார்வைக்கு வேலியாகவும் அமைந்துவிட்டது. ஒளி புறப்பட்ட இடங்கள் விரிவால் விலகிப் போனதனால் காணும் பேரண்டத்தின் ஆரம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு. காலம் செல்லச் செல்ல இன்னும் தொலைவிலிருந்து ஒளி வந்து சேரும். ஆனால் விரிவு வேகமெடுத்து வருவது 1998இல் தெரியவந்ததிலிருந்து, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டென்று அறிவோம். எத்தனை கோடி ஆண்டுகள் காத்திருந்தாலும் அவ்வாரம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6,200 கோடி ஒளியாண்டைத் தாண்டாது. பேரண்டம் தன்மீது திரும்பி வரும் சுற்றளவு அக்கோளத்தின் விட்டத்துக்குள் அடங்குமாயின் இணை வட்டங்கள் என்றேனும் வானில் தோன்றும். அதற்கு மேற்பட்டதாயின், அளவுக்குட்பட்ட பேரண்டமும் முடிவற்ற பேரண்டமும் நமக்கு ஒன்றுபோலவே காட்சி தரும்.